வண்டியின் முதுகெலும்பு

பாலாற்றுப் படுகை தோல் தர ஆய்வு மையம் ஆம்பூருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. அங்கே தோல் அல்லாத எதற்கும் மரியாதை கிடையாது. இதை நான் பழித்துச் சொல்லவில்லை. மையத்தின் விதிமுறையே அப்படித்தான் சொல்கிறது. கோப்புகளுக்குத் தோல் உறை, மேசைகளுக்குத் தோல் விரிப்பு, தண்ணீர் பாட்டிலுக்குத் தோல் சட்டை. சுவர்க் கடிகாரத்துக்கும் தோலில் ஒரு சட்டம் போட்டார்கள். அதில் எண்கள் மறைந்துபோனதால், சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதா என்பதை ஊழியர்கள் வயிற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

மையத்தின் வேலை சான்று கொடுப்பது. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளிலிருந்து தோல் வரும். அதில் துண்டு வெட்டி, இழுத்து, மடக்கி, தேய்த்து, நனைத்துப் பார்த்து, இது தோல்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். அனுப்பியவருக்கு அது தோல் என்று முன்பே தெரியும். வாங்குகிறவருக்கும் தெரியும். இருந்தாலும் மையம் சொல்லும்வரை அது தோல் ஆகாது.

மையத்துக்கு ஒரு வண்டி இருந்தது. வெளிநாட்டில் செய்த பெரிய எஸ்.யூ.வி. ஏற்றுமதியாளர் ஒருவர் அதைப் பல வருடம் ஓட்டிவிட்டு, திடீரென்று தாராள மனசு வந்து, மையத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார். அந்த மனசு ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. இருக்கைகள் அசல் கன்றுத் தோல் என்று பார்த்ததும் ஏற்புக் குழு ஏற்றுக்கொண்டது. மற்ற வண்டிகளில் இரும்புச் சுருள்வில் இருக்கும் இடத்தில் இதில் நான்கு சக்கரத்துக்கும் நான்கு ரப்பர் பைகள் இருந்தன. ஒரு சிறிய பம்ப் அவற்றில் காற்றை நிரப்பும். வண்டி அந்தக் காற்றின்மேல் நிற்கும். ஏற்புக் குழுவில் குனிந்து பார்க்கிற வயதில் யாரும் இல்லாததால் இந்த விஷயம் குறிப்பில் ஏறவில்லை.

இயக்குநர் டாக்டர் இன்பசேகரனுக்கு அந்த வண்டிமேல் கொள்ளை ஆசை. “மத்தவன் வண்டி ரோட்டு மேல போவுது. நம்ம வண்டி காத்து மேல போவுது” என்று விருந்தாளிகளிடம் சொல்வார். விருந்தாளிகள் தலையாட்டுவார்கள். சான்று வாங்க வந்தவர்கள் வேறென்ன செய்வார்கள்?

அந்த வண்டியை ஓட்டியவன் ஷாஜின். ஒப்பந்த ஓட்டுநர். மையத்தில் சேர்ந்தபோது அவனுக்கு மீசை சரியாக வளரவில்லை. இப்போது அதில் ஒன்றிரண்டு நரை. அவனோடு பள்ளியில் படித்த ஜெஸி வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருவருக்கும் பேசி முடித்தாயிற்று. ஆனால் ஜெஸியின் அப்பா ஜோஸ், மாதனூர் சபையில் கமிட்டிக்காரர், ஒரே பிடியாக நின்றார். ஷாஜினுக்கு வேலை நிரந்தரம் ஆன ஆர்டரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கவிடுவேன் என்றார். கையில் இன்னொரு மாப்பிள்ளையும் வைத்திருந்தார். நெமிலி தாலுகா ஆபீசில் கிளார்க். அவன் பிறக்கும்போதே நிரந்தரம் போல இருந்தான் என்று ஷாஜினுக்குத் தோன்றும்.

நல்ல காலம், இந்த வருடம் ஷாஜினின் நிரந்தரக் கோப்பு நகர்ந்தது. எல்லா மேசையையும் தாண்டி இயக்குநரின் மேசைக்கு வந்தது. ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. மாதக் கடைசியில் இயக்குநர் ஓய்வு பெறுகிறார். அதற்குள் போட்டுவிட்டால் கல்யாணம். போடாவிட்டால் கோப்பு புதிய இயக்குநருக்காக முதல் மேசையிலிருந்து மறுபடி கிளம்பும், ஜெஸி நெமிலிக்குக் கிளம்புவாள்.

அப்போதுதான் விளக்கு எரிந்தது.

ஒரு காலையில் ஷாஜின் வந்து பார்த்தபோது வண்டி பின்பக்கம் இடதுபுறமாக உட்கார்ந்திருந்தது. சாவியைத் திருப்பியதும் ஸ்டீரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு விளக்கு. பம்ப் முனகிக்கொண்டே காற்றை ஏற்றியது. சக்கரத்துப் பக்கம் காதை வைத்தால் உஸ்ஸென்று சத்தம். வாயிற்காவலர், தோட்டக்காரர், கேன்டீன் அம்மா என்று அந்தப் பக்கம் போன எல்லோரும் நின்று கேட்டுவிட்டு, “காத்து போவுது” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இதைச் சொல்ல யாருக்கும் படிப்பு தேவைப்படவில்லை.

ஷாஜின் நேர்மையானவன். அதனால் அன்றைய ஓட்டக் குறிப்பில், ‘எச்சரிக்கை விளக்கு எரிகிறது’ என்று எழுதினான். அதைப் படித்த நிர்வாக அலுவலர் ஆக்னஸ் மேடம் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“இன்னா ஷாஜின் இது, எழுதிட்டியே?”

“லைட் எரியுது மேடம். எரிஞ்சா எழுதணும்னு நீங்கதான சர்க்குலர் போட்டீங்க?”

“போட்டேன். எழுதறதுக்கு முன்னாடி அது வெறும் லைட். எழுதிட்டா அது குறை. குறை இருக்கற வண்டியோட டிரைவருக்கு எப்படி பர்மனென்ட் குடுக்கறது? இப்ப வண்டில குறை இல்லன்னு ஒரு சான்று வெக்கணும். சான்று இல்லாம சார் கையெழுத்து போட மாட்டாரு.”

ஆக்னஸ் மேடம் இரக்கமில்லாதவர் அல்ல. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, “உனக்காக நான் ஜெபம் பண்றேன்பா. ஆனா ஜெபத்த ஃபைல்ல சேர்க்க முடியாது” என்றார்.

பைபாஸில் மஹபூப் பாஷா ஷெட் வைத்திருந்தார். பழுதான வண்டிகளை ஏற்றிப்போகும் ரெக்கவரி லாரியும் அவருக்கு உண்டு. ஷாஜினுக்கு தோஸ்த். வேலை செய்வதைவிட நாற்காலியில் உட்கார்ந்து அரசியல் பேசுவதில் அவருக்கு விருப்பம் ஜாஸ்தி. அவர் வந்து எட்டிப் பார்த்தார்.

“பை கிழிஞ்சிருச்சு. சென்னைலருந்து வரவெச்சு மாட்டிரலாம். இதுக்கா இவ்ளோ பேஜாரு?”

ஷாஜின் ஓடிப்போய் ஆக்னஸ் மேடத்திடம் சொன்னான்.

“பை எதுல செஞ்சது?” என்று கேட்டார்.

“ரப்பர் மேடம்.”

ஆக்னஸ் மேடம் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். “ரப்பர்னு வெளிய சொல்லாத. தோல் இல்லாத பொருள் நாம வாங்கக் கூடாது.”

“நானே வாங்கிப் போட்டுர்றேன் மேடம். என் செலவு.”

“நீ வாங்கிப் போட்டா அது நன்கொடை. நன்கொடையை ஏற்புக் குழு ஏத்துக்கணும். அந்தக் குழுவுல ரெண்டு பேரு காலமாயிட்டாங்க, ஒருத்தர் கனடா போய்ட்டாரு.”

விஷயம் இயக்குநர் காதுக்குப் போனது. அவர் கோபப்படவில்லை. உற்சாகமானார். ஊழியர்களை எல்லாம் கூட்டி வைத்துப் பேசினார்.

“நாம உலகத்துக்கே சான்று கொடுக்கறவங்க. நம்ம வண்டிக்கு என்ன கோளாறுன்னு பைபாஸ்ல ஒரு பாய் வந்து சொல்லணுமா? அவர் வெறும் காதால கேட்டு முடிவுக்கு வந்துட்டாரு. நாம அப்படி அவசரப்பட்டு உண்மையைக் கண்டுபிடிக்கறவங்க இல்ல. இந்த நிறுவனத்துல முப்பது வருஷமா நான் எதையும் அவசரப்பட்டுக் கண்டுபிடிச்சதே இல்ல.”

எல்லோரும் கை தட்டினார்கள். ஷாஜினும் தட்டினான். அவனுடைய கோப்பு இயக்குநரின் கையில் இருந்தது.

பொறுப்பு பரிசோதனைக் கூடத் தலைவர் வக்கார் அகமதுவிடம் போனது. மெல்லிய மனிதர், மூக்குக் கண்ணாடியைத் தோல் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். வேலையில் அப்பழுக்கில்லாதவர். அதுதான் தொல்லை. எதை முதலில் பார்ப்பது என்று அவர் யோசித்தார். எந்தத் தோல் வந்தாலும் முதலில் நிறம் பார்ப்பது மையத்தின் வழக்கம். அதனால் விளக்கின் நிறத்தைப் பார்ப்பது என்று முடிவானது.

வெளி வெளிச்சம் பட்டால் ஷேட் சரியாகத் தெரியாது. ஆகவே வண்டியை ஒரு பெரிய கறுப்புத் துணியால் மூடினார்கள். உள்ளே இயக்குநர், வக்கார், ஆக்னஸ் மேடம், ஃபினிஷிங் பிரிவின் சோபனா. நால்வர் கையிலும் தோல் நிறங்களின் ஷேட் கார்டு. ஷாஜின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து விளக்கை எரியவைத்துக்கொண்டிருந்தான். அடியில் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது.

“இது ஹனி” என்றார் சோபனா.

“ஹனில இவ்ளோ சிவப்பு இருக்காதும்மா. டான்” என்றார் வக்கார்.

“டான்னா கம்மியா மினுக்கும். இது மினுக்குது பாருங்க.”

“பல்பு எரியுதுல்ல மேடம், அதனால மினுக்குது” என்றான் ஷாஜின். அவனை யாரும் கமிட்டியில் போடவில்லை என்பதால் அந்தக் கருத்து பதிவாகவில்லை.

வெகுநேரம் பேசினார்கள். எல்லோருக்கும் வியர்த்து ஊற்றியது. கடைசியில் இயக்குநர் ஒரு கார்டை விளக்கின் பக்கத்தில் பிடித்து, “காக்னாக்” என்று தீர்ப்புச் சொன்னார். “ஜெர்மன்காரன் ஷூவுக்கு இதத்தான் கேப்பான். அருமையான ஷேட்.” திட்டு இல்லை, வெளிறல் இல்லை, ஓரம் முழுக்க ஒரே சீர் என்று வக்கார் எழுதிக்கொண்டார். விளக்குக்கு முதல் தரம் கொடுத்தார்கள்.

கையெழுத்துப் போடும் நேரத்தில், இத்தனை நேரம் ஓடிய பம்ப் சூடேறி நின்றுபோனது. விளக்கு சிவப்பாக மாறியது.

நால்வரும் மறுபடி ஷேட் கார்டைப் புரட்டினார்கள்.

“ஒரே லாட்ல ரெண்டு ஷேட்” என்றார் வக்கார் வருத்தத்தோடு. “ரிஜெக்ட் பண்ணணும் சார்.”

அன்று மாலை ஜெஸி போன் செய்தாள். நெமிலிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார்களாம். சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் என்று அப்பா சொன்னாராம்.

“சும்மா பாக்க வர்றவங்களுக்கு அப்பா ரெண்டு டஜன் ஆப்பிளா வாங்குவாரு?” என்றாள். “உன் லைட் இன்னா ஆச்சு?”

“காக்னாக்னு சொன்னாங்க. அப்புறம் சிவப்பாயிடுச்சு.”

“நான் கேட்டது அது இல்ல.”

“தெரியும்” என்றான். இந்தப் பெண்ணை இழந்துவிடுவோம் என்று அவன் உண்மையாகவே பயந்தான். ஒரு காற்றுப் பைக்காகவா என்று யோசித்தால் அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

நிறம் ஆன பிறகு வலிமை. இங்கேதான் மையத்தின் பெருமை முழுதாக வெளிப்பட்டது. எந்தப் பொருளாக இருந்தாலும் அதன் வலிமையைச் சோதிக்க அதிலிருந்து துண்டு வெட்டவேண்டும். தோலாக இருந்தால் மாட்டின் முதுகெலும்பு ஓடிய திசைக்கு இணையாகச் சில துண்டு, குறுக்காகச் சில துண்டு. இது உலகம் முழுக்க உள்ள முறை. தோலுக்கு அது சரியான முறையும்கூட. வண்டியை மையத்தின் ஷெட்டில் ஜாக்கி வைத்துத் தூக்கி, வக்கார் டார்ச் அடித்து அந்தப் பையைப் பார்த்தார். பார்த்தவர் கவலையோடு வெளியே வந்தார்.

“முதுகெலும்பு எந்தப் பக்கம்னு தெரியலையே.”

ஒரு கூட்டம் போட்டார்கள். வண்டிக்கு முதுகெலும்பு எது? மேல்கூரை என்றார் சோபனா. நடுவில் ஓடும் இரும்புத் தண்டு என்றார் ஆக்னஸ் மேடம். அவர் கணவர் லாரி வைத்திருந்தவர். அதற்கு முதலில் தலை எது என்று தெரியவேண்டும் என்றார் வக்கார். எஞ்சின் இருக்கும் பக்கம்தான் தலை என்று பலர் சொன்னார்கள். இயக்குநர் கையை உயர்த்தினார்.

“நான் எங்க உக்கார்றேன்?”

“பின் சீட்ல சார்.”

“அப்ப தலை எந்தப் பக்கம்?”

பின்பக்கம் என்று ஒருமனதாக முடிவானது.

வக்கார் வெட்டும் அச்சை எடுத்துக்கொண்டு குனிந்தபோது ஷாஜின் குறுக்கே வந்து நின்றான். அவன் வாழ்க்கையில் ஒரு அதிகாரிக்கு எதிரே நின்றது அது ஒரு முறைதான்.

“சார், வெட்டுனீங்கன்னா அதுல காத்தே நிக்காது சார்.”

“காத்து நிக்குதா நிக்கலையான்றது முடிவுரைல வர்ற விஷயம் ஷாஜின். நாம இன்னும் முன்னுரைலயே இருக்கோம். தள்ளுப்பா.”

எனக்கு இந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் கை பரபரக்கிறது. ஆனால் வக்கார் அகமதுவை அடிக்க முடியாது. அவர் அவ்வளவு பணிவாக, அவ்வளவு சுத்தமாக வெட்டினார். முதுகெலும்புக்கு இணையாக மூன்று, குறுக்காக மூன்று. பிறகு, கெட்ட பையை மட்டும் சோதித்தால் ஒப்பிட ஒன்றும் இல்லை என்று, வலதுபக்கத்து நல்ல பையிலும் ஆறு வெட்டினார். முன்சக்கரங்களின் பைகள் வேறு நாளில் செய்யப்பட்டிருக்கலாம் என்று ஒரு சந்தேகம் வந்தது. அதையும் தீர்த்துக்கொண்டார்.

ஜாக்கியை இறக்கியதும் வண்டி மெதுவாகத் தரையில் படுத்தது. சக்கரங்கள் உடம்புக்குள் போய்ச் சொருகிக்கொண்டன. வக்கார் நான்கு மூலையிலும் ஸ்கேல் வைத்து அளந்தார். அவர் முகம் மலர்ந்தது.

“முன்னாடி கோணலா இருந்துச்சு. இப்ப நாலு பக்கமும் ஒரே அளவு. இதக் குறிச்சுக்குங்க.”

வெட்டிய துண்டுகள் சரியான குளிரிலும் ஈரத்திலும் பதப்பட ஒரு அறையில் வைக்கப்பட்டன. மையத்திலேயே ஏசி ஒழுங்காக வேலை செய்யும் அறை அது ஒன்றுதான். பதப்பட்ட துண்டுகளை இழுத்தார்கள், மடக்கினார்கள், ஊறப்போட்டார்கள். சாயம் இறங்குகிறதா என்று வெள்ளைத் துணியால் தேய்த்தார்கள். ஷாஜின் தினமும் காலையில் வந்து, படுத்திருக்கும் வண்டியைத் துடைத்து, சாவியைத் திருப்பி, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, எரிகிறது என்று எழுதாமல் இருந்தான். அந்த அளவுக்கு அவன் கற்றுக்கொண்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை நெமிலிக்காரர்கள் வந்து ஆப்பிள் தின்றுவிட்டுப் போனார்கள். பையனுக்கு ஜெஸியைப் பிடித்துவிட்டதாம். ஜெஸிக்குப் பிடித்ததா என்று கேட்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. மாதக் கடைசிவரை பொறுப்பதாக மட்டும் ஜோஸ் மனமிரங்கினார்.

ஓய்வு நாளுக்குச் சற்று முன்னால் அறிக்கை வந்தது. கருத்தரங்குக் கூடத்தில் வக்கார் அதை வாசித்தார். மாதிரியில் ரோமக்கால் இல்லை. கொழுப்பு போதாது. நீர் உறிஞ்சவில்லை. காற்றோட்டம், வெட்டிய பிறகு, மிக நன்று. முடிவு: ஆய்வுக்கு வந்த பொருள் தோல் அல்ல.

கூடம் அதிர்ந்தது. இயக்குநர் எழுந்தார். குரல் தழுதழுத்தது.

“இத்தனை வருஷமா நான் எதும்மேல உக்காந்திருந்தேன்னு எனக்கே தெரியாம இருந்துருக்கேன். வெளிய இருக்கறவன் ஆயிரம் சொல்லுவான், காத்து போவுதுன்னான், பை கிழிஞ்சுதுன்னான். யாராவது ஒருத்தன் இது தோல் இல்லன்னு சொன்னானா? அதுக்குத்தான் நாம இருக்கோம். பொருளை அழிச்சாவது உண்மையைக் கண்டுபிடிக்கறதுதான் நம்ம மரபு. நான் போன பின்னாடியும் இந்த மரபு நிக்கணும்.”

வக்காருக்குச் சால்வை போர்த்தினார்கள். தோல் சால்வை. அந்த வெயிலில் அவர் அதைக் கழற்றவில்லை.

ஷாஜின் கூடத்தின் பின்னால் நின்றுகொண்டிருந்தான். கூட்டம் கலைந்ததும் ஆக்னஸ் மேடத்திடம் போய், “மேடம், என் சான்று?” என்றான்.

“அறிக்கைல விளக்கைப் பத்தி ஒண்ணுமே வரலையேப்பா. விளக்கு எரியுதா?”

“தெரில மேடம். ரெண்டு நாளா நான் சாவி போடல.” மனசு விட்டுப்போயிருந்தது அவனுக்கு.

எல்லோரும் வண்டிக்கு வந்தார்கள். ஷாஜின் சாவியைத் திருப்பினான். எதுவும் எரியவில்லை. விளக்கு மட்டுமல்ல, மணிகாட்டி, ஹாரன், ரேடியோ, கதவு விளக்கு எதுவுமே. வெட்டுப்பட்ட பைகளில், சாவி போடாதபோதும், காற்றை நிரப்ப முயன்று முயன்று பம்ப் பேட்டரியை உறிஞ்சித் தீர்த்துவிட்டிருந்தது.

வக்கார் குனிந்து, கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்தார்.

“எரியல” என்றார். “குறை நீங்கிடுச்சு.”

அங்கேயே, வண்டியின் பானெட்டின்மேல் வைத்து, குறையின்மைச் சான்று எழுதினார்கள். ஷாஜினுக்குச் சிரிக்கவேண்டும் போல இருந்தது. சிரித்தால் எங்கே இன்னொரு சோதனை வைப்பார்களோ என்று அடக்கிக்கொண்டான். ஆக்னஸ் மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெபம் கேட்கப்பட்டுவிட்டதில் அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

கோப்பை இயக்குநரிடம் கொண்டுபோனபோது அவர் பேனாவை எடுத்துவிட்டு, மறுபடி மூடினார்.

“நாளைக்குப் போடறேன். விழா முடிஞ்சு நீ என்னை வீட்ல கொண்டுபோய் விடுவ பாரு, அப்ப. கடைசி சவாரி, கடைசி கையெழுத்து. ஒரு நிறைவா இருக்கும்.”

ஓய்வு பெறுகிற அதிகாரியை மாலையோடு அவருடைய அலுவலக வண்டியிலேயே வீட்டில் கொண்டுவிடுவது எல்லா அலுவலகத்திலும் உள்ள வழக்கம். இயக்குநரின் வீடு வேலூரில். வண்டி ஆம்பூரில், தரையில்.

ஷாஜின் அன்று சாயங்காலமே பாஷாவின் ஷெட்டுக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். பாஷா அரசியலை நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசியில், “அவருக்கு வண்டில உக்காந்து வீட்டுக்குப் போவணும், அவ்ளோதான?” என்றார்.

“அவ்ளோதான் பாய்.”

“வண்டியே ஓடணும்னு சொல்லல இல்ல?”

“இல்ல பாய்.”

மறுநாள் விழா நடந்துகொண்டிருந்தபோது, மையத்தின் ஷெட்டுக்குப் பின்னால் பாஷாவின் ரெக்கவரி லாரி வந்து நின்றது. தோலுக்குப் போடும் எண்ணெயைப் பலகையில் தடவி, சங்கிலி போட்டு, வண்டியை இழுத்து லாரியின் முதுகில் ஏற்றினார்கள். சக்கரங்களை வாரால் கட்டினார்கள். பிறகு லாரியை அப்படியே வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஷாஜின் வெள்ளை யூனிஃபார்மில் மேலே ஏறி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டான். இயக்குநர் வந்து என்ன சொல்வாரோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இயக்குநர் மாலைகளோடு வெளியே வந்தார். நின்றார். அண்ணாந்து பார்த்தார்.

“உசரமா இருக்கே?” என்றார்.

வக்கார் அகமது முன்னே வந்தார். ஸ்கேலை எடுத்து, தரையிலிருந்து வண்டியின் அடிப்பாகம்வரை அளந்தார். ஸ்கேல் போதவில்லை. கையால் இன்னும் கொஞ்சம் அளந்தார்.

“முந்தி இருந்ததவிட நாலு அடி ஜாஸ்தி சார். வண்டி முழு உசரத்துக்கும் வந்துருச்சு. நல்ல முன்னேற்றம்.”

இயக்குநருக்குப் பெருமை தாங்கவில்லை. விழா மேடையின் படிக்கட்டைத் தூக்கிவந்து லாரியில் சாத்தினார்கள். அவர் ஏறிப் பின் இருக்கையில், தலைப்பக்கத்தில், உட்கார்ந்தார். ஊழியர்கள் பூத் தூவினார்கள். பாஷா கீழே லாரியைக் கிளப்பினார்.

நெடுஞ்சாலை புதிதாகப் போட்டிருந்தது. லாரி மெதுவாகப் போனது. ஷாஜின் இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தான். அது இறுகிக் கிடந்தது. வளைவு வரும்போது கையை மட்டும் அதன்மேல் நகர்த்தினான். இயக்குநர் கண்ணாடி வழியாக, கீழே போகிற கார்களையும் பஸ்களின் கூரைகளையும் பார்த்துக்கொண்டு வந்தார்.

“ஷாஜின்.”

“சார்.”

“ஒரு குலுக்கல் இருக்கா பாரு. எஞ்சின் சத்தமே கேக்கல. இதான்யா ஏர் சஸ்பென்ஷன்.”

“ஆமா சார்.”

“முன்னாடி பைக்ல ஒருத்தன் போறான் பாரு, ஹாரன் அடி.”

ஷாஜின் ஸ்டீரிங்கின் நடுவில் அழுத்தினான். பாஷாவுக்கு என்ன தோன்றியதோ, அதே நேரத்தில் லாரியின் ஹாரனை அடித்தார். ஷாஜின் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னான்.

சுங்கச்சாவடியில் லாரியின் ஃபாஸ்டேக்கோடு மேலே இருந்த வண்டியின் ஃபாஸ்டேக்கையும் சேர்த்து இயந்திரம் படித்துவிட்டது. இயக்குநரின் போனுக்குச் செய்தி வந்தது. அவர் அதை வாசித்துவிட்டு நெகிழ்ந்துபோனார்.

“பாத்தியா, இன்னார் வண்டி போவுதுன்னு மெஷினே ஒத்துக்குது. எங்க உன் ஆர்டரு? இங்கியே போடறேன் குடு. ஓடற வண்டில கை ஆடாம கையெழுத்துப் போடற மாதிரி ஓட்டறியே, உனக்குப் போடாம வேற யாருக்குப் போடறது?”

ஷாஜின் சட்டைக்குள்ளிருந்து தாளை எடுத்துப் பின்னால் நீட்டினான். பச்சை மையில், ஒரு கோணல் இல்லாமல், டாக்டர் இன்பசேகரன் கையெழுத்துப் போட்டார். ஷாஜினுக்குக் கண் கலங்கிச் சாலை மங்கியது. சாலை மங்கினாலும் அங்கே ஒரு ஆபத்தும் இல்லை.

விரிஞ்சிபுரத்தை நெருங்கும்போது மாதனூர்ப் பக்கமிருந்து வந்த பஸ் ஒன்று லாரியைத் தாண்டியது. நைட் டியூட்டிக்குப் போகும் ஜெஸி அதில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். அவள் அண்ணாந்து பார்த்தாள். வாயைத் திறந்தாள். பஸ் முன்னே போனதும் ஷாஜினின் போன் அடித்தது.

“வண்டி ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாது” என்றார் இயக்குநர். “கவனம் சிதறிடும்.”

ஷாஜின் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் மாலை வாசமும் ஆடாத சவாரியுமாக இயக்குநருக்குக் கண் சொக்கியது. குறட்டை கேட்டதும் ஷாஜின் ஜெஸியைக் கூப்பிட்டான்.

“யோவ், உனக்கு இன்னா ஆச்சு?” என்று கத்தினாள். “லாரி மேல கட்டிப்போட்ட கார்ல உக்காந்துனு ஸ்டீரிங் திருப்பினு போற! பஸ்ஸே எழுந்து பாத்துச்சு!”

“ஜெஸி, நான் பர்மனென்ட் ஆயிட்டேன்.”

“அது பாத்ததுமே தெரிஞ்சுச்சு” என்றாள். பிறகு குரல் இறங்கி, “அப்பா கிட்ட சொல்லிர்றேன். ஞாயித்துக்கெழம ஓலை வாசிக்கட்டும்” என்றாள்.

இயக்குநர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு வளைவு வந்தது. ஷாஜின் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஸ்டீரிங்கின்மேல் இரண்டு கையையும் கவனமாக இடதுபக்கம் நகர்த்தினான்.